தற்காலிகக் கேப், பிரிட்ஜ்: எந்தத் தொல்லைக்கு என்ன செய்வது?

பல்லைச் செதுக்கி அளவு எடுத்து லேபுக்கு அனுப்பும் நாளுக்கும் நிரந்தரக் கேப் ஒட்டும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஓடிவிடும். அந்த இடைவெளிக்குத்தான் தற்காலிகக் கேப். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கிலோ அதுபோன்ற ரெசினிலோ செய்திருப்பார்கள். ஒட்டுகிற சிமெண்டும் வேண்டுமென்றே வலுக்குறைந்தது. அடுத்த முறை பல்லுக்குச் சேதம் இல்லாமல் கழற்ற வேண்டுமே. அதனால் கேப் ஆடினாலோ கழன்றாலோ பதற வேண்டாம். ஆனால் "வலி ஒன்றும் இல்லையே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்தப் பத்துப் பதினைந்து நாளில் பல் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு நினைப்புதான் காரணம்.

இந்தக் கேப் செய்கிற வேலை மூன்று. எனாமல் போய்த் திறந்து கிடக்கும் டென்டினை, அதாவது எனாமலுக்கு அடியிலுள்ள கூசுகிற பகுதியை, மூடி வைக்கிறது. பக்கத்துப் பல் சாயாமலும் எதிர்ப்பல் நகர்ந்து வராமலும் இடத்தைப் பிடித்து வைக்கிறது. செதுக்கிய விளிம்பின் மேல் ஈறு வளராமல் தடுக்கிறது. வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றையும் அப்படியே மூன்றில் அடக்கிவிடலாம்: சிமெண்ட் விட்டுப்போயிருக்கும், அல்லது கேப் உயரமாக இருக்கும், அல்லது விளிம்பு சரியில்லாமல் இருக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடித்துவிட்டால் மருத்துவரிடம் போனில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம், அவரும் அன்றைக்கே வரச்சொல்வதா, காத்திருக்கச் சொல்வதா என்று முடிவு செய்துவிடுவார்.

கேப் ஒட்டிய அன்றே கைபேசியில் அதை வெளிப்பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழன்று வந்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்ற குழப்பம் வராது.

கேப் முழுசாகக் கழன்று வந்துவிட்டது

முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசைமேல் வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்; ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். வெந்நீரில் கழுவாதீர்கள், அக்ரிலிக் வளைந்துவிடும். வாஷ்பேசின் குழாயடியில் நேராகப் பிடித்துக் கழுவினால் வடிகால் ஓட்டைக்குள் போய்விடும். ஒரு கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர் எடுத்து அதில் கழுவுங்கள்.

அடுத்து கேப்பின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒட்டியிருப்பது பழைய சிமெண்ட். பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். உள்ளே பல்லின் துண்டு ஒடிந்து மாட்டியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. கேப்பையும் துண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

கேப்பும் பல்லும் முழுசாக இருந்தால் எதுவும் தடவாமல் வெறுமனே வைத்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். மல்லாந்து படுத்துச் செய்தால் தொண்டைக்குள் நழுவிவிடும். சரியான திசையில் வைத்தால் தானாக இறங்கி உட்கார்ந்துவிடும். மெல்லக் கடித்துப் பாருங்கள்: மற்ற பற்கள் முன்போலவே ஒன்றோடொன்று சேர வேண்டும். அந்தக் கேப் மட்டும் இடித்தால் ஒன்று திருப்பி வைத்திருக்கிறீர்கள், இல்லையென்றால் உள்ளே சிமெண்ட் மிச்சம் இருக்கிறது. அழுத்திக் கடித்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், கேப் விரிந்துவிடும்.

சரியாக உட்கார்ந்தால், மருத்துவரைப் பார்க்கும் வரை இரண்டொரு நாள் தாக்குப்பிடிக்க இப்படி ஒட்டலாம்:

1. பல்லைத் துலக்கிக் கொப்பளித்துவிட்டு, பஞ்சாலோ சுத்தமான மெல்லிய துணியாலோ பல்லையும் கேப்பின் உட்புறத்தையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். எச்சில் ஈரம் இருந்தால் எதுவும் ஒட்டாது.
2. மருந்துக்கடையில் தற்காலிகப் பல் சிமெண்ட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. எல்லாக் கடையிலும் இருக்காது. பல்செட் ஒட்டும் க்ரீம் பரவலாகக் கிடைக்கும், அதுவும் போதும்.
3. உட்சுவரில் விளிம்பை ஒட்டி மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். நிரப்பக் கூடாது. நிறைய வைத்தால் வழிந்து வெளியேற இடம் இல்லாமல் கேப் மேலே தூக்கி நிற்கும்.
4. வைத்து அழுத்தி, பஞ்சுருண்டை ஒன்றைச் சமமாகக் கடித்தபடி இருங்கள். எத்தனை நிமிடம் என்று அந்தச் சிமெண்ட் அட்டையிலேயே போட்டிருக்கும்.
5. பிதுங்கி வந்ததை ஈறோரத்திலிருந்து துடைத்து எடுங்கள்.

இரண்டும் கிடைக்காத நேரத்தில் கொஞ்சம் வாசலின் வைத்து மாட்டினால் கூச்சம் குறையும். பற்பசையும் சில மணி நேரம் பிடிக்கும். இரண்டையும் நம்பிச் சாப்பிடக் கூடாது, தூங்கவும் கூடாது. க்ரீமோ வாசலினோ பற்பசையோ எது வைத்து மாட்டியிருந்தாலும், படுக்கப் போகும்போது கேப்பைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுங்கள்.

ஃபெவிக்விக் மாதிரியான பசை மட்டும் கூடவே கூடாது. ஈரம் பட்டதும் நொடியில் இறுகும், இறுகும்போது சூடாகும், ஈறையும் உயிருள்ள பல்லையும் புண்ணாக்கும். அதைவிட மோசம், கேப் அரை மில்லிமீட்டர் கோணலாக ஒட்டிவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும்போது செதுக்கிய விளிம்பு சிதைந்தால், லேபில் தயாராகிவிட்ட நிரந்தரக் கேப் பொருந்தாமல் போகும். மறுபடி அளவு, மறுபடி செலவு.

வேர் சிகிச்சை செய்த பல் என்றால் கேப் கழன்றாலும் வலிக்காது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே நரம்பு இல்லையே தவிர, பல்லின் பெரும்பகுதி ஏற்கெனவே போய் மெலிந்து நிற்கிறது. ஒரு பாக்குத் துண்டோ எலும்போ கடிபட்டால் மிச்சப் பல்லும் பிளந்துவிடும். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. மேலே அடைப்பும் சரியாக இல்லாமல் எச்சில் கசிந்தால், சுத்தம் செய்த வேருக்குள் கிருமி மீண்டும் இறங்கும். ஆக, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய் ஒட்டிக்கொள்ளுங்கள். சில நாள் திறந்து கிடந்தாலே பக்கத்துப் பற்கள் நகரத் தொடங்கி, புதுக் கேப்பை உள்ளே இறக்க முடியாமல் போகலாம்.

கேப்பை விழுங்கிவிட்டேன்

மூச்சு இழுப்பில் விசில் சத்தம், விடாத இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் கேப் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். பல் மருத்துவமனைக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். முதலில் இருமிவிட்டுப் பிறகு அடங்கிவிட்டாலும் சந்தேகம் இருந்தால் போய்க் காட்டுங்கள். அக்ரிலிக் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எனவே "பிளாஸ்டிக் கேப்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லை, வயிற்றுக்குள்தான் போனது என்றால் சில நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். வயிற்றுவலி, வாந்தி வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கழலவில்லை, ஆனால் ஆடுகிறது

முழுசாகக் கழன்றதைவிட இது கெடுதல். கழன்றால் உடனே கவனிப்போம், ஆடிக்கொண்டிருப்பதைத் தள்ளிப்போடுவோம். ஒவ்வொரு கடியிலும் கேப் ஏறி இறங்க, எச்சிலும் உணவும் உள்ளே உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. கொப்பளித்தாலும் பிரஷ் போட்டாலும் அங்கே எட்டாது.

கண்ணாடி முன் நின்று விரல்நுனியால் கேப்பை மேலிருந்து அழுத்தி விடுங்கள். ஈறோரத்தில் எச்சில் குமிழி வெளியே வந்தால் சிமெண்ட் விட்டுவிட்டது என்று அர்த்தம். பிரிட்ஜில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். மூன்று பல் பிரிட்ஜ் என்றால் இரண்டு முனையிலும் தாங்கும் பல், நடுவில் ஈறுமேல் நிற்கும் போலிப் பல். ஒரு முனை விட்டு மறுமுனை பிடித்திருந்தால் மொத்தமும் உறுதியாக இருப்பது போலவே தோன்றும். விட்டுப்போன முனையில் மட்டும் குமிழி வரும், இனிப்புக்குக் கூசும், அல்லது நாற்றம் வரும்.

ஒரு முனை பிடித்திருக்கும் பிரிட்ஜை நீங்களே இழுத்துக் கழற்ற முயலாதீர்கள். நெம்புகோல் போல அழுத்தம் போய் நல்ல முனையின் பல்லை ஒடித்துவிடும். அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்து, மறுநாளுக்குள் போய்க் கழற்றி இரண்டு முனையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டிய கேப் அடிக்கடி ஆடுகிறது என்றால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அல்வா, சூயிங்கம் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற எதையாவது மென்றீர்களா? பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேல்நோக்கி இழுத்து எடுத்தீர்களா? தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா? மூன்றும் இல்லையென்றால், கேப் உயரமாக இருக்கலாம், அல்லது செதுக்கிய பல் குட்டையாக இருந்து பிடிமானம் போதாமல் இருக்கலாம். இரண்டையும் மருத்துவர்தான் சரிசெய்ய முடியும். அதே சிமெண்டால் திரும்பத் திரும்ப ஒட்டுவதில் பயன் இல்லை என்று நீங்களும் தயங்காமல் கேட்கலாம்.

குளிர், சூடு, இனிப்புக்குக் கூசுகிறது

உயிருள்ள பல்லைச் செதுக்கினால் முதல் சில நாள் கூசத்தான் செய்யும். கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள். சுருக்கென்று வந்து சில நொடியில் மறைந்தால் பரவாயில்லை, நாளுக்கு நாள் குறையும். தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், சூட்டுக்கு அதிகமாகிக் குளிரில் அடங்கினால், அல்லது ராத்திரி எதுவும் படாமலே துடித்து எழுப்பினால், உள்ளே நரம்பு அழற்சி முற்றிவிட்டது. வேர் சிகிச்சை தேவைப்படலாம். நிரந்தரக் கேப் ஒட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஒட்டிய பிறகு தெரிந்தால் புதுக் கேப்பில் ஓட்டை போட வேண்டிவரும்.

இனிப்புக்கு மட்டும் கூசினால் விளிம்பில் எங்கோ டென்டின் திறந்திருக்கிறது என்று பொருள். கேப் சற்றுக் குட்டையாக இருக்கலாம், அல்லது சிமெண்ட் கரைந்திருக்கலாம். மறுபடி ஒட்டினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கிராம்புத் தைலம் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பல்வலி என்றதும் கை அதைத்தான் தேடும். அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்வது உண்மை. தற்காலிகச் சிமெண்டில் வருகிற கிராம்பு மணமும் அதனுடையதுதான். ஆனால் அதை நேராக ஊற்றினால் ஈறு வெந்துவிடும், அக்ரிலிக் கேப் இளகும். நிரந்தரக் கேப்பை ரெசின் சிமெண்டால் ஒட்டப்போகிறார்கள் என்றால், பல்லில் தங்கும் யூஜினால் அந்தச் சிமெண்டை இறுகவிடாமல் கெடுக்கும். கேப் போட்டிருக்கும் நாட்களில் தைலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில் போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். மாத்திரையை ஈறில் அடக்கிவைக்காதீர்கள், அது வேலை செய்வது வயிற்றுக்குள் போய்த்தான். ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். நரம்பு அழற்சியின் வலி அதற்கு அடங்காது.

கடித்தால் வலிக்கிறது

பத்தில் பாதிக்கு மேல் என்று எண்ணிக்கை சொல்ல முடியாவிட்டாலும், கடிக்கும்போது வலி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உயரத்தைத்தான். மரத்துப்போன வாயோடு "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?" என்று கேட்கும்போது யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மரமரப்பு போன பிறகுதான் அந்தப் பல் முதலில் இடிப்பது தெரியும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லவும் கூடாது; கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொள்வீர்கள்.

சோதிக்க: நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தளர விட்டு, மிக மெதுவாக வாயை மூடுங்கள். எந்தப் பல் முதலில் தொடுகிறது? பிறகு மெல்லிய காகித நறுக்கு ஒன்றைக் கேப்பில் வைத்துக் கடித்தபடி இழுங்கள். அதே காகிதத்தை மறுபக்கத்துப் பல்லில் வைத்து இழுங்கள். கேப்பில் இறுகப் பிடித்து, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கேப் உயரம்.

மருத்துவருக்கு இது ஐந்து நிமிட வேலை. நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தைத் தேய்த்துவிடுவார். "பழகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். இருபது முறை மெல்லும்போது இருபது முறையும் அந்தப் பல்தான் முதல் அடியை வாங்குகிறது. பல்லைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, பிறகு தொட்டாலே வலிக்கும். கேப்பும் விரிசல் விடும். நகம் தேய்க்கும் அரத்தால் வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஓட்டை விழுந்துவிடும்.

உயரத்தைச் சரிசெய்த பிறகும் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் கடிக்கும்போது மட்டும், அதுவும் கடியை விடும் நொடியில் சுருக்கென்றால், பல்லிலேயே விரிசல் இருக்கலாம். எந்த உணவைக் கடித்தபோது, எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

ஈறு வலி, ரத்தம்

செதுக்கும்போதும் அளவு எடுக்கும்போதும் ஈறை விலக்க நூல் வைப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் புண்ணாக இருப்பது இயல்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை, மெல்லக் கொப்பளியுங்கள்.

நான்காம் நாளும் ரத்தம் கசிந்தால் காரணம் வேறு. பிதுங்கிய சிமெண்ட் ஈறுக்குள் சிக்கியிருக்கலாம், கேப் விளிம்பு நீண்டு ஈறில் குத்தலாம், அபூர்வமாக அந்த நூலின் துண்டே உள்ளே தங்கிவிட்டிருக்கலாம். நூல் முனை கண்ணில் பட்டால் இழுக்காமல் போய்க் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் பயந்துகொண்டு அந்த இடத்தில் பிரஷ் போடாமல் விட்டிருப்பீர்கள். மென்மையான பிரஷால் ஈறோரம் சேர்த்துத் துலக்குங்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாததற்குக் காரணம் உண்டு: ரத்தம் கசிகிற ஈறோரத்தில் நிரந்தரச் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது.

ஃப்ளாஸ் போடும்போது நூலைப் பல்லிடுக்கில் இறக்கித் தேய்த்துவிட்டு, வந்த வழியே மேலே இழுக்காதீர்கள். ஒரு முனையை விட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் உருவி எடுங்கள். பிரிட்ஜ் என்றால் போலிப் பல்லுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முனை விறைப்பான ஃப்ளாஸோ சிறு பல்லிடை பிரஷோ வேண்டும்.

விரிசல், உடைப்பு, நாக்கில் குத்தும் முனை

ஓரத்தில் சின்னச் சில்லு போய், உள்ளே பல் தெரியவில்லை, கூச்சமும் இல்லை என்றால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்கலாம். கூர்முனை நாக்கை அறுத்தால் பல் கிளிப் போட்டவர்களுக்கான மெழுகைச் சிறிது உருட்டி அதன்மேல் அப்புங்கள். குறுக்காக விரிசல் ஓடியிருந்தாலோ கடிக்கிற இடத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். பிரிட்ஜ் உடைந்தால் பெரும்பாலும் போலிப் பல்லும் தாங்கும் பல்லும் சேரும் கழுத்தில்தான் உடையும். உடைந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

கெட்ட சுவை, நாற்றம்

முதல் ஓரிரு நாள் கிராம்பு சுவை வந்தால் அது சிமெண்ட். அழுகல் நாற்றமோ உப்புக்கரிக்கும் சுவையோ வந்தால் கேப் கசிகிறது, அல்லது ஈறில் சீழ் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன குமிழிச் சோதனையைச் செய்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நிறம் மாறிவிட்டது

சாம்பார், ரசம் சாப்பிடுகிற வாயில் அக்ரிலிக் மஞ்சளாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மஞ்சள்தூளின் சாயம் அதில் எளிதில் ஏறும். காபி, டீ, வெற்றிலையும் அப்படித்தான். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தும் பழுப்பேற்றும். இது அழகுக் குறை மட்டுமே, பல்லுக்கு ஒன்றும் ஆகாது. முன்பல் என்றால் சாப்பிட்டவுடன் கொப்பளியுங்கள். சமையல் சோடாவும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி இன்னும் வேகமாகக் கறை பிடிக்கும்.

முகம் வீங்குகிறது, காய்ச்சல்

காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவர். வீக்கம் தாடைக்கு அடியிலோ கண்ணை நோக்கியோ பரவினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால், மூச்சு முட்டினால், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்துக்குள் இறங்கும் பல் சீழ் மூச்சை அடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும். வெளியே சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு மாதமாக இதே கேப்தான், தொல்லை இல்லை

நிரந்தரக் கேப்புக்குப் பணம் சேரட்டும் என்றோ, ஊருக்குப் போய் வந்து பார்க்கலாம் என்றோ தள்ளிப்போடுகிறவர்கள் பலர். தற்காலிகச் சிமெண்ட் எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வெளியே கேப் அசையாமல் நிற்கும். உள்ளே சொத்தை ஓடிக்கொண்டிருக்கும். தாமதம் தவிர்க்க முடியாதது என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து புதுச் சிமெண்டில் ஒட்டித் தருவார், வலுவான ரெசினில் நீண்டநாள் தற்காலிகக் கேப்பும் செய்யலாம், சில மாதம் தாங்கும்.

நிரந்தரக் கேப் ஒட்டப் போகிற அன்று, தற்காலிகக் கேப் எத்தனை முறை கழன்றது, எத்தனை நாள் திறந்து கிடந்தது, எதைக் கொண்டு ஒட்டினீர்கள் என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சம் அதிகம் இருந்தால் மரக்கும் ஊசி கேட்கலாம். ஆனால் ஊசி போட்டுக்கொண்டால் கடியின் உயரத்தை அன்று உங்களால் சரியாகச் சொல்ல முடியாது. மரமரப்பு போன பிறகு வீட்டில் அந்தக் காகித நறுக்குச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். இடித்தால் மறுநாளே போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள்.